பதினோராவது நிமிடத்துச் சாம்பிராணி

ஆமாம், பாட்டில் மூடியைத் திறந்து வைத்தது நான்தான். அதை நான் எங்கேயும் மறைக்கவே இல்லை. கேட்கிறவர்கள் எல்லோரும் அதை மட்டும்தான் கேட்கிறார்கள். சாம்பிராணியை வாங்கி வந்தது யார் என்று ஒருவராவது கேட்கிறார்களா? அது ஸ்டீபன் சார் கொண்டுவந்தது. அவர் போகிற சர்ச்சில் போடுகிற நயம் சரக்கு. சரஸ்வதி படத்துக்கு அதைப் போட்டது நான். ஆக மொத்தம், மதநல்லிணக்கத்தால் நடந்த விபத்து என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

என் பெயர் ஹம்சவேணி. மதுரையில் பழங்காநத்தம். எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு எட்டு மாதம் வீட்டில் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேச்சு. திட்டுவதற்கு மட்டும் அம்மா தமிழுக்கு மாறுவாள், அக்கம்பக்கத்துக்கும் புரிய வேண்டும் அல்லவா. ஆகஸ்டில் ஒரு நாள் தமிழுக்கு மாறினாள்.

"தீபாவளி வரைக்கும் பாப்பேன். லேபு, டெஸ்ட் டியூப்புன்னு ஒரு வேலை வந்துச்சா, போ. வரலையா, பேசாம பி.எட். சேந்துரு. டீச்சர் வேலைக்கு என்னடி கொறச்சல்?"

கொறச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் என்னை நாற்பது பிள்ளைகள் முன்னால் நிறுத்தினால் முதலில் வகுப்பை விட்டு ஓடுவது நானாகத்தான் இருக்கும். எனக்கு ஒரு மிஷின் வேண்டும். அதை நோண்ட வேண்டும். அது ஏன் இப்படிச் செய்கிறது என்று அதனிடமே சண்டை போட வேண்டும். அதற்காகத்தான் எங்கள் தெருவிலிருந்து நாலு சந்து தள்ளி, ஒரு பரோட்டா கடையின் மாடியில் நடக்கும் ஸ்டீபன் சாரின் எச்.பி.எல்.சி. பயிற்சியில் சேர்ந்தேன். நாற்பத்தைந்து நாள். கீழேயிருந்து சால்னா வாசனை, மேலே அசிட்டோநைட்ரைல் என்கிற கரைப்பானின் வாசனை. முதல் வாரம் முழுக்க எனக்கு எதைப் பார்த்தாலும் பசித்தது.

எச்.பி.எல்.சி. என்றால் என்ன என்று அம்மாவுக்கு நான் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைத் தெரு. நாங்கள் குடும்பத்தோடு ஒரு முனையில் உள்ளே நுழைகிறோம். அப்பா எந்தக் கடையையும் பார்க்க மாட்டார், நாலே நிமிடத்தில் மறுமுனையில் நிற்பார். தம்பி செருப்புக் கடையில் நின்று ஏழாவது நிமிடம் வருவான். அம்மா ஒவ்வொரு கடையிலும் ஒட்டிக்கொள்வாள். ஒன்றாகப் போனவர்கள் தனித்தனியாக வெளியே வந்தார்களா? அவ்வளவுதான் விஷயம். தெருவுக்குப் பதில் ஒரு சாண் நீளத்தில் எஃகுக் குழாய், உள்ளே நைசான தூள். ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் அசிட்டோநைட்ரைல். ஒரு பம்ப் இரண்டையும் கலந்து குழாய்க்குள் தள்ளும். கரைத்த மாத்திரையில் ஒரு சொட்டு உள்ளே போனால், மருந்து ஒரு நேரத்தில் வரும், அதிலிருக்கிற அசுத்தம் வேறு நேரத்தில் வரும். வருகிற ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் ஒரு மலை வரையும். அந்த மலைக்குப் பெயர் பீக். உயரமான மலையென்றால் சரக்கு அதிகம்.

தண்ணீர் அதிகமாக ஓடும்போது அம்மா மாதிரி ஆட்கள் கடையை விட்டு நகரவே மாட்டார்கள். நேரம் போகப் போக அசிட்டோநைட்ரைலைக் கூட்டுவோம். அது அப்பா வந்து கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னைய எதுக்குடி மிஷினுக்குள்ள விடுற?" என்றாள்.

ஸ்டீபன் சாருக்கு முப்பத்திரண்டு வயது. ஆறு கம்பெனியில் வேலை பார்த்தவர். ஏன் ஆறு என்று கேட்டால் அனுபவம் என்பார். ஓசூரில் மூடிப்போன ஏதோ ஒரு ஆய்வகத்திலிருந்து இந்த மிஷினைத் தூக்கிவந்திருந்தார். அதன் பம்ப் ஓடும்போது ஆஸ்துமா வந்த ஆள் மாடிப்படி ஏறுகிற மாதிரி இருக்கும். சார் வகுப்பில் முதல் நாளே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"லேப்ல ரெண்டே ரெண்டு பாவந்தான். ஒண்ணு, பம்புக்குள்ள காத்துக்குமிழிய விடுறது. ரெண்டு, ரூமுக்குள்ள மேனேஜரை விடுறது. மத்ததெல்லாம் மன்னிக்கப்படும்."

நாங்கள் ஆறு பேர் படித்தோம். நான் அதிகம் சண்டை போட்டது செல்வக்குமாரோடு. சோழவந்தான்காரன், வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால். கை அவ்வளவு சுத்தம். நான் நாலு தடவை அளந்து ஊற்றுவதை அவன் ஒரே தடவையில் ஊற்றிவிட்டு உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்ப்பான்.

"அம்சா, நீ பிப்பெட்டப் புடிக்கிறதப் பாத்தா கோழியப் புடிக்கிற மாதிரியே இருக்கு."

"நீ ரொம்பப் பேசாத. போன வாரம் தராசுல செல்போன வச்சு எடை போட்டது யாரு?"

"ஒரு ஆராய்ச்சிதான்."

செப்டம்பர் கடைசியில் ஸ்டீபன் சார் கண்ணெல்லாம் விரிய ஒரு செய்தி கொண்டுவந்தார். கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு மாத்திரைக் கம்பெனி இருக்கிறது. அங்கே தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தின் தலைவர் ஆன்மேரி மேடம், ஒரே ஒரு பயிற்சி அனலிஸ்ட் வேண்டுமென்று தேடுகிறார். ஆறு பேரிடமும் போனில் கேள்வி கேட்டு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். செல்வக்குமார், நான். விஜயதசமி அன்றைக்கு அவருக்கு விடுமுறை. அன்றைக்கு நேரில் வந்து, எங்கள் மிஷினிலேயே எங்களை ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். தீபாவளிக்கு மூன்று வாரத்துக்கும் குறைவு. எனக்கு இது கடைசிப் பஸ்.

இனிமேல்தான் மூடி விஷயம்.

முந்தின நாள் ஆயுத பூஜை. மறுநாள் எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று, அமிலம் சொட்டு விட்ட தண்ணீரை நானே வடிகட்டி, பாட்டிலில் நிரப்பி, மிஷின் தலைமேல் வைத்தேன். பிறகு பூஜை வேலை. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். பம்புக்கு ஒரு பொட்டு, டிடெக்டருக்கு ஒரு பொட்டு, கம்ப்யூட்டர் மவுசுக்குக்கூட ஒரு பொட்டு. பாட்டிலுக்கும் வைக்க வேண்டுமே! மூடியோடு வைத்தால் சந்தனம் வழிந்து உள்ளே போய்விடும் என்று எனக்கு ஒரு அறிவு. இரண்டு மூடியையும் கழற்றி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலையில் நோட்டுகளோடு வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. இது உங்களுக்குத் தெரியும். பேனாவை வைத்தாலும் தொடக்கூடாது, அரிவாள்மனையை வைத்தாலும் தொடக்கூடாது. சின்ன வயதில் இந்த ஒரு நாளுக்காகவே நான் எல்லாப் புத்தகத்தையும் தூக்கிப் பூஜையில் வைத்தவள். மூடி இலையில் இருந்தது, ஆகவே அதைத் தொடக்கூடாது. பாட்டில் திறந்தே கிடந்தது. நான் ஒரு மண்சட்டியில் கங்கு போட்டு, சாரின் நயம் சரக்கைத் தூவி, ஏசி அறையில் ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு மூலை மூலையாகக் காட்டினேன். செல்வக்குமார் இருமினான். ஸ்டீபன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஈஸ்டருக்குக்கூட இம்புட்டுப் பொகை பாத்ததில்ல" என்றார் பெருமையாக.

விஜயதசமி காலையில் ஆன்மேரி மேடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கையில் ஒரு சின்ன டப்பா. டப்பாவில் மாத்திரை.

"நான் உள்ள வரமாட்டேன், ஸ்டீபன். ஆபீஸ் ரூம்லதான் இருப்பேன். ஆளுக்கு ரெண்டரை மணி நேரம். இந்த மாத்திரையில அசுத்தம் எம்புட்டு இருக்குன்னு பாருங்க. உள்ள என்ன நடக்குதோ அத அப்படியே லாக் புக்ல எழுதிக் குடுங்க. எனக்கு அது போதும். நாலு மணிக்கு வண்டி வந்துரும், கெளம்பிருவேன்."

காலையில் செல்வக்குமார். பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தான், முகத்தில் எண்ணெய் தடவின மாதிரி ஒரு சிரிப்பு.

"முடிச்சுட்டியாடா?"

"முடிச்சாச்சு. ஒரு பேய் மட்டும் வந்துச்சு. அமுக்கிட்டேன்."

மதியம் ஒரு மணிக்கு என் முறை. முதலில் பிளாங்க் ஓட்ட வேண்டும். பிளாங்க் என்றால் மாத்திரையே போடாத வெறும் கரைசல். அதில் எந்த மலையும் வரக்கூடாது. காய்கறிக்காரர் எடைக்கல் வைக்கும் முன்னால் தராசு நேராக நிற்கிறதா என்று பார்க்கிறோமே, அது மாதிரி. நான் ஓட்டினேன். ஐந்து நிமிடம் கோடு சமமாகப் போனது. பத்து நிமிடம், சமம். பதினோராவது நிமிடம் யானைமலை மாதிரி ஒன்று எழுந்து படுத்தது.

பேய் இதுதானா!

ஸ்டீபன் சார் கதவிடுக்கில் தலையை நீட்டினார். சத்தம் வெளியே போகாத குரலில், "பயப்படாதம்மா. காலையிலயும் வந்துச்சு. பதினொண்ணுலருந்து பன்னெண்டு வரைக்கும் கண்ண மூடிக்கன்னு கம்ப்யூட்டருக்கு ஒரு வரி போடு. அம்புட்டுத்தான்" என்றார்.

அப்படி ஒரு வசதி உண்டு. குறிப்பிட்ட நிமிடத்தில் எது வந்தாலும் கணக்கில் சேர்க்காதே என்று சொல்லலாம். ஆரம்பத்தில் கரைப்பான் வெளியே வரும்போது எழுகிற சலசலப்பை ஒதுக்குவதற்காகக் கொடுத்தது. சார் அதைச் சர்வரோக நிவாரணியாக வைத்திருந்தார்.

"சார், அது என்னது?"

"எது?"

"அந்தப் பீக்கு."

"அது எதுவா இருந்தா என்ன? வந்துச்சு, போயிரும்."

சார் போய்விட்டார். எனக்குக் கை அரித்தது. நான் என்ன செய்யட்டும், என் பிறவி அப்படி. பிளாங்க் வைத்த குப்பி அழுக்கோ என்று புதுக் குப்பியில் ஓட்டினேன். வந்தது. இருபது நிமிடம் காலி. சரி, குப்பியே வேண்டாம், எதையுமே உள்ளே செலுத்தாமல் வெறுமனே ஓடு என்று மிஷினுக்குச் சொன்னேன். யாரும் தெருவுக்குள் நுழையவில்லை, ஆனாலும் மறுமுனையில் ஆள் வருகிறார்! அதே பதினோராவது நிமிடம், அதே உயரம்.

அப்படியென்றால் அது மாத்திரையிலும் இல்லை, குப்பியிலும் இல்லை. ஓடுகிற தண்ணீரிலேயே இருக்கிறது. தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக வந்து, தெரு முனையில் ஜவுளிக்கடை வாசலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அசிட்டோநைட்ரைல் வந்து கையைப் பிடித்து இழுத்ததும் மொத்தமாகக் கிளம்பி வருகிறது. இது உண்மையானால், நான் தண்ணீரை இன்னும் அதிக நேரம் ஓடவிட்டால் வாசலில் கூட்டம் கூட வேண்டும். மலை வளர வேண்டும்.

கால் மணி நேரம் சும்மா தண்ணீரை ஓடவிட்டேன். பிறகு ஓட்டினேன். நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தாவது நிமிடம். பதினொன்று.

மலை ஒன்றரை மடங்கு!

நான் போட்ட சத்தத்தில் பரோட்டா கடையில் கொத்துகிற சத்தம் ஒரு நொடி நின்றது. எழுந்து பாட்டிலை இறக்கி, காலையில் திரும்ப மாட்டிய மூடியைத் திறந்து மூக்கை வைத்தேன். ஆய்வகத்தில் எதையும் மோந்து பார்க்கக்கூடாது, தெரியும், திட்டாதீர்கள். தண்ணீரில் சர்ச்சின் ஞாயிற்றுக்கிழமை காலை மணந்தது.

அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்றாகப் போகிறது. மூன்றரைக்குக் கொடுக்க வேண்டும். புதுத் தண்ணீர் வடிகட்டி, குழாயைக் கழுவி, பிளாங்க் சுத்தமாக வந்து, மாத்திரையைப் போட்டு எடுக்க எப்படியும் இரண்டு மணி நேரம். மேடம் வண்டி நாலு மணிக்கு. இரண்டே வழி. கண்ணை மூடு என்று ஒரு வரி போட்டு, அவசரமாக மாத்திரையை ஒரு தடவை ஓட்டி, ஒரு எண் எழுதிக் கொடுக்கலாம். அல்லது, மாத்திரையைத் தொடவே இல்லை, தண்ணீரைக் கெடுத்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நேராகப் பி.எட். விண்ணப்பம் வாங்கப் போகலாம்.

சத்தம் கேட்டு ஸ்டீபன் சாரும் செல்வக்குமாரும் ஓடிவந்திருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

சார் நெஞ்சில் கை வைத்தார். "சாம்பிராணின்னு லாக் புக்ல எழுதப் போறியா? அடுத்த பேட்ச்சுக்கு எவன் வருவான்? பேசாம கண்ண மூடுன்னு போட்டு ஓட்டு."

"சார், அதே பதினோராவது நிமிஷத்துல மாத்திரையோட அசுத்தமும் ஏதாச்சும் இருந்தா?"

"இருக்காது."

"எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதான் கண்ண மூடச் சொல்றேன்."

செல்வக்குமார் கையெடுத்துக் கும்பிட்டான். "எம்மா தாயே, நீ எழுது, நான் வேணாங்கல. ஆனா நான் பஸ் ஏறி சோழவந்தான் எறங்குன பெறகு எழுது. என் ரிப்போர்ட்டுலயும் அதே தண்ணிதான்டி ஓடிருக்கு."

அவன் சொன்னது நியாயம்தான். நான் எழுதினால் அவன் எண்ணும் செல்லாது. நான் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்தேன். இந்த இடத்தில் நேர்மை, மனசாட்சி என்று நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அதெல்லாம் இல்லை. ஒரு விஷயத்தை நானாகவே கண்டுபிடித்திருக்கிறேன், அதை ஒரு ஆளிடம்கூடச் சொல்லக்கூடாது என்றால் எனக்கு மண்டை வெடித்துவிடும். அவ்வளவுதான் காரணம். கண்ணை மூடுவதைவிட வாயை மூடுவது எனக்குக் கஷ்டம்.

எழுதினேன். நாலு ஓட்டம், நாலு நேரம், நாலு மலையின் அளவு. கடைசியில் இப்படி: பிளாங்க் சரியில்லை. அசுத்தம் தண்ணீர் பாட்டிலில் உள்ளது. முந்தின நாள் பாட்டில் திறந்திருந்த அறையில் சாம்பிராணி போடப்பட்டது. அதன் புகையாக இருக்கலாம். திறந்து வைத்ததும் போட்டதும் நான். மாத்திரை சோதிக்கப்படவில்லை. ஹம்சவேணி.

ஆன்மேரி மேடம் மூக்குக்கண்ணாடியை இறக்கி இரண்டு தடவை படித்தார்.

"மாத்திரை ரிசல்ட் எங்கம்மா?"

"இல்ல மேடம்."

"மூடிய எதுக்குத் தொறந்த?"

"பொட்டு வைக்கிறதுக்கு மேடம்."

"காலைல பாட்டில் தொறந்து கெடக்கிறதப் பாத்தேல்ல? தண்ணிய மாத்தணும்னு தோணல?"

"விஜயதசமி மேடம். பூஜைல வச்சத எடுத்து ஓட்டுனா நல்லதுன்னு..."

"ஆக, தெரிஞ்சே ஓட்டியிருக்க."

"தெரிஞ்சு இல்ல மேடம். சந்தோஷத்துல."

ஸ்டீபன் சார் சுவரில் இருந்த காலண்டரை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் செல்வக்குமார் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் பதினொண்ணுல வந்துச்சா?" அவன் தரையைப் பார்த்துத் தலையாட்டினான். மேடம் எங்கள் இருவரின் லாக் புக் தாள்களையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நல்லது கெட்டது ஒன்றும் சொல்லாமல் வண்டியேறிப் போய்விட்டார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தமிழுக்கு மாறினாள்.

"பாட்டிலத் தொறந்து போட்டியாம், அத நீயே எழுதியும் குடுத்தியாம். ஏன்டி, களவாங்க வந்தவன்கூட கையெழுத்துப் போட்டுட்டா போவான்?"

ஐந்து நாள் போனது. ஆறாவது நாள் பி.எட். விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தேன். போட்டோக்காரர், "தாடைய எறக்குங்க, கொஞ்சம் டீச்சர் மாதிரி பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. புது நம்பர்.

"ஹம்சவேணி? ஆன்மேரி பேசுறேன். அன்னைக்குத் தண்ணிய எம்புட்டு நேரம் கூடுதலா ஓட விட்ட?"

"கால் மணி நேரம் மேடம்."

"நான் அரை மணி நேரம் விட்டேன். எங்க லேப்ல. அது ரெண்டு மடங்கு வந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். அவர்கள் ஆய்வகத்திலும் ஆயுத பூஜை உண்டு. ஒவ்வொரு வருஷமும் பூஜை முடிந்த வாரம், எங்கிருந்தென்றே தெரியாமல் ஒரு பீக் வரும். ஏழு வருஷமாகக் குழாய் பழசாகிவிட்டது என்று எழுதிவிட்டுப் புதுக் குழாய் மாட்டுகிறார்கள். குழாய் மாட்டும்போது தண்ணீரையும் புதிதாக வைப்பார்கள் அல்லவா, பீக் போய்விடும். பார்த்தாயா, குழாய்தான் காரணம் என்று மறுபடியும் எழுதுவார்கள்.

"ஏழு நல்ல கொழாயத் தூக்கிப் போட்ருக்கோம்மா. ஏழு வருஷமும் அதுல கையெழுத்துப் போட்டது நான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாக அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. போனில் அந்தப் பக்கமும் ஒரு சின்னச் சிரிப்பு.

"திங்கக்கெழம வந்து சேந்துரு. ஆறு மாசம் ட்ரெய்னி. ஆனா ஒண்ணு, எங்க லேப்ல ஒரு பொருளையும் நீ மோந்து பாக்கக்கூடாது."

அதை யார் சொன்னது இவரிடம்! ஸ்டீபன் சாராகத்தான் இருக்கும்.

"மேடம், செல்வக்குமார்?"

"அந்தப் பையன் கை நல்லாருக்கு. கண்ணத்தான் மூடிக்கிட்டான். தை மாசம் இன்னொரு எடம் காலியாகுது, மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்லு."

போட்டோக்காரர் அந்த நேரத்தில் க்ளிக் செய்திருந்தார். போட்டோவில் நான் எந்தக் கோணத்திலும் டீச்சர் மாதிரி இல்லை. செல்வக்குமாருக்குப் போன் செய்தேன். "ஒன் சாம்பிராணியால நான் தை வரைக்கும் வெத்தல கிள்ளணும்" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் திட்டினான். கடைசியில், அந்தக் கால் மணி நேர வித்தையை எப்படிச் செய்தாய், ஒவ்வொன்றாகச் சொல், எழுதிக்கொள்கிறேன் என்றான். ஸ்டீபன் சார் அன்று மாலையே என் போட்டோவைப் போட்டு, 'மர்மப் பீக்கைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தரும் மதுரையின் ஒரே நிறுவனம்' என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார்.

வேலையில் சேர்ந்து இன்றோடு பன்னிரண்டு நாள். மேடம் கொடுத்த முதல் வேலை எந்த மாத்திரையையும் சோதிப்பது அல்ல. ஆய்வகத்தில் ஆயுத பூஜை எப்படி நடத்த வேண்டும் என்று வரிசையாக ஒரு வழிமுறை எழுத வேண்டும். பூஜையே வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்தான். ஆனால் பதினெட்டு வருஷமாக அங்கே பூஜை நடத்துவது ஸ்டோர் கண்ணுச்சாமி அண்ணன். நான் முதல் நாள் அவரிடம் போய், "அண்ணே, அடுத்த வருஷம் பொகை மட்டும் இல்லாம..." என்று ஆரம்பித்தேன்.

"பொகை இல்லாம நடந்தா அதுக்குப் பேரு பூஜை இல்லம்மா. இன்ஸ்பெக்சன்" என்றார். அன்றிலிருந்து எனக்குக் கையுறை கேட்டால் பெரிய சைஸ்தான் கிடைக்கிறது.

மிஷினை வெளியே வராந்தாவுக்குத் தூக்கிவரலாமா என்றால், அதை நகர்த்தினால் திரும்ப அளவு சரிபார்க்கவே ஒரு வாரம் ஆகும். மண்டையை உடைத்துக்கொண்டு கொட்டாம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும்போதுதான் அது தோன்றியது. எந்தக் கோயிலிலாவது கருவறையில் இருக்கிற மூலவரைத் தூக்கிக்கொண்டு வீதியுலா போகிறார்களா? அவர் உள்ளேயே இருப்பார். உற்சவர்தான் வெளியே வந்து மேளதாளம், புகை, கூட்டம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார். மிஷின் மூலவர். ஏசி அறையில், பாட்டில் மூடியோடு, கதவைச் சாத்திக்கொண்டு அப்படியே இருக்கட்டும். உற்சவராக வேறு ஒன்றை வராந்தாவுக்கு எழுந்தருளச் செய்வோம். அங்கே எவ்வளவு சாம்பிராணி வேண்டுமானாலும் போடுங்கள்!

நேற்று கண்ணுச்சாமி அண்ணனிடம் சொன்னேன். தாடையைச் சொறிந்தார். அவர் தாடையைச் சொறிந்தால் பாதி சம்மதம் என்று அர்த்தமாம்.

"சரி, உற்சவரு யாரு?" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தூக்கிப் போட்ட ஏழு குழாயில் ஒன்றை வைக்கலாம் என்றால், "செத்துப்போச்சுன்னு எழுதுனதையா கும்பிடச் சொல்ற?" என்கிறார். லாக் புக்கை வைக்கலாம் என்றால், புகை பட்டுத் தாள் பழுத்தால் ஆடிட்டில் கேள்வி வரும் என்கிறார் மேடம். பம்பின் உதிரித் தலை ஒன்று பளபளவென்று இருக்கிறது, ஆனால் அதைப் பார்த்தால் சாமி மாதிரி இல்லை, குக்கர் விசில் மாதிரி இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் நான் வழிமுறையில் உற்சவரின் பெயர் வர வேண்டிய நாலாவது வரியை நிரப்பிக் கொடுக்க வேண்டும். நீங்கள் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, உங்களுக்கு என்ன தோன்றுகிறது, எதை உற்சவராக வைக்கலாம்?